லேப்டாப்பை மூடிய பிறகும் வேலை முடிவதே இல்லை, ராஜினாமா செய்துவிடலாமா?

இந்த வாரம் எடுத்துக்கொண்டது ஒரு நீளமான கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 37. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் உதவி மேலாளர், அவருக்குக் கீழே ஆறு பேர். மூன்று வருடமாக வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. காலை 9 மணிக்கு ஆரம்பித்து மாலை 6 மணிக்கு முடிய வேண்டும் என்பது பேச்சு. ஆனால் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில் நேரம் வேறு என்பதால் இரவு 8.30-க்கு ஒரு மீட்டிங், அது முடிந்து பையனைத் தூங்க வைத்த பிறகு 11 மணி வரை மெயில். சாப்பாட்டு நேரத்திலும் திரைக்கு முன்னால்தான், சனிக்கிழமையும் சில மணி நேரம். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 58 மணி நேரம் வருகிறது என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்தால்கூடக் கை தானாகப் போனைத் தேடுகிறதாம். போன மாதம் ஒரு வாரம் லீவு எடுத்தார், ஏழு நாளும் மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டே இருந்தார். ஞாயிறு சாயங்காலம் ஆனால் தலைவலி. தோழியோடு தினமும் நடக்கப் போவது நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கணவரும் வேலைக்குப் போகிறவர். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்பார், அதோடு "இந்தக் காலத்துல எல்லாருக்கும் இப்படித்தான்" என்றும் சொல்வார்.

அவருடைய எட்டு வயது மகனைப் பற்றிய நாலு வரியை நான் இரண்டு தடவை படித்தேன். பையன் இப்போதெல்லாம் வீட்டில் மெதுவான குரலில்தான் பேசுகிறானாம். அம்மா சும்மா உட்கார்ந்திருந்தாலும் கதவோரம் நின்று, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து, "மீட்டிங்ல இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

கேள்விகள் மூன்று. "மூன்று தடவை டைம்டேபிள் போட்டேன், மூன்று தடவையும் நாலே நாளில் விட்டுவிட்டேன், எனக்குத்தான் ஒழுங்கு இல்லையா? வேலைக்கும் வீட்டுக்கும் சமமாக நேரம் ஒதுக்குவது எப்படி? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா? வீட்டுக் கடன் தவணையில் பாதி என் சம்பளத்தில்தான் போகிறது."

அன்புள்ள உங்களுக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டையும் அதுதான் கனமாக்கிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு ஒழுங்கு இல்லாமல் இல்லை. ஆறு பேர் டீமை நடத்தி, மாதக் கணக்கை முடித்து, பையனையும் தினமும் தூங்க வைக்கிற ஒருவருக்கு ஒழுங்கு இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் டைம்டேபிள் நிற்காமல் போனதற்குக் காரணம் வேறு. நீங்கள் போட்ட அட்டவணையில் உங்கள் பெயர் மட்டும்தான் இருந்திருக்கிறது. இரவு 8.30 மீட்டிங்கை வைப்பவர் அதில் இல்லை, 10 மணிக்கு மெயில் அனுப்புகிறவர் இல்லை, உங்கள் கணவர் இல்லை. மற்றவர்கள் கையில் இருக்கும் நேரத்தை நீங்கள் தனியாக உட்கார்ந்து பங்கு பிரித்தால் அது நாலு நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

இரண்டாவது, அந்த "சமமாக" என்ற சொல். ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இதைச் சொல்கிறார்கள், தராசின் இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதுபோல. அப்படி நின்று நான் பார்த்ததில்லை. வருடக் கணக்கு முடிக்கும் மாதத்தில் வேலை கூடத்தான் செய்யும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் வேலை பின்னால் போகத்தான் செய்யும். உங்கள் கடிதத்தில் நான் பார்த்த சிக்கல் நேரப் பங்கீட்டை விட ஆழமானது: உங்கள் வேலை நாளுக்கு முடிவு என்று ஒன்றே கிடையாது. 6 மணிக்கு முடிகிறது, ஆனால் 8.30-க்கு மறுபடி ஆரம்பிக்கிறது, அதனால் 6 மணியும் உண்மையில் முடிவாக இல்லை. 11-க்கு முடிகிறது, 3 மணிக்குப் போன். லீவிலும் அதே கதை. இடையில் நீங்கள் பையனோடு உட்கார்ந்திருக்கும் நேரமும் காத்திருக்கும் நேரமாகவே போய்விடுகிறது. அவன் அதைப் புரிந்துகொண்டுதான் மெதுவாகப் பேசுகிறான்.

வேலைக்கு வெளியே இருக்கும்போது மனதும் வேலையை விட்டு வெளியே வருவதைப் பற்றி சபீன் சொனென்டாக் போன்ற உளவியலாளர்கள் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள். மாலையில் மனம் வேலையிலிருந்து விலகுகிறவர்கள் பொதுவாக மறுநாள் காலையில் தெம்பாக இருக்கிறார்கள் என்பது அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயம். எத்தனை மணி நேரம் ஓய்வு கிடைத்தது என்பதோடு, அந்த ஓய்வில் மனம் எங்கே இருந்தது என்பதும் சேர்ந்தே கணக்கில் வருகிறது.

முதலில் உடம்பு

58 மணி நேரம் என்று நீங்கள் எழுதியதை நான் லேசாகக் கடந்து போக முடியாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம் என்று கண்டார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 37 வயதில் ஒரு தனி ஆளுக்கு அந்த அபாயம் பொதுவாகக் குறைவாகத்தான் இருக்கும், அதில் 35 சதவீதம் கூடுவது என்றால் நாளைக்கே ஏதோ நடந்துவிடும் என்று அர்த்தம் கிடையாது. ஆனால் இப்படியே பத்து வருடம் ஓடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

எனவே இந்த வாரத்திலேயே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், ரத்தசோகை, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், ஞாயிறு தலைவலியையும் 3 மணி விழிப்பையும் மறக்காமல் சொல்லுங்கள். எல்லாவற்றையும் "டென்ஷன்தான்" என்று நாமே முடிவுகட்டிவிட்டு, கவனிக்க வேண்டிய உடல் பிரச்சினையைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'பர்ன் அவுட்' நோயாக வகைப்படுத்தப்படவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலையாகவே வைத்திருக்கிறார்கள். சமாளிக்க முடியாத வேலை அழுத்தம் நாள்பட நீடிப்பதால் வருவது என்றும், அதற்கு மூன்று முகங்கள் என்றும் சொல்கிறார்கள்: சக்தியெல்லாம் வடிந்துபோன உணர்வு, வேலை மீது விலகலோ வெறுப்போ, வேலையில் திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு. முதலாவதும் மூன்றாவதும் உங்கள் கடிதத்தில் தெளிவாகவே இருக்கின்றன. இரண்டாவது இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன், உங்கள் டீமைப் பற்றி எழுதிய வரிகளில் இன்னும் அக்கறை தெரிகிறது. ஆனால் வேலையோடு நிற்காமல் எதிலுமே சந்தோஷம் இல்லாமல் போவது, பசியும் தூக்கமும் மாறுவது, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருவது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது இந்தப் பதில் போதாது, மனநல மருத்துவரிடம் நேரில் போக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்லி உதவி கேளுங்கள்.

அலுவலகத்தில்

இங்கேதான் நீங்கள் ஒரு விஷயத்தைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. "இரவு வரும் மெயிலுக்கு உடனே பதில் போடாவிட்டால் பொறுப்பில்லாதவள் என்று நினைப்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது அப்படிச் சொன்னார்களா? கடிதத்தில் தேடினேன், இல்லை. லாரா ஜியுர்ஜ், வனெசா போன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2021-இல் இதைத்தான் சோதித்தார்கள். வேலை நேரத்துக்கு வெளியே வரும் அவசரமில்லாத மெயிலுக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்பதை, பெறுகிறவர்கள் மிகையாகவே ஊகிக்கிறார்கள், அனுப்புகிறவர் அவ்வளவு அவசரமாக எதிர்பார்ப்பதே இல்லை. அனுப்புகிறவர் "அவசரம் இல்லை, வசதிப்பட்டபோது பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் இந்த இடைவெளி குறைந்ததாம். அந்த 10 மணி மெயிலை அனுப்புகிற ஆளுக்கு அது பகல் நேரம், தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் பத்து நிமிடத்தில் பதில் போடுவதால், இவர் இந்த நேரத்தில் இருப்பார் என்று மூன்று வருடமாக அவருக்குப் பழக்கியிருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினால் மன்னியுங்கள், ஆனால் நீங்கள் பழக்கியதை நீங்களே மாற்றவும் முடியும் என்பதால்தான் சொல்கிறேன்.

உங்கள் டீமில் இருக்கும் ஆறு பேரையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் 11 மணிக்கு அனுப்பும் மெயில் அவர்களில் யாருடைய வீட்டுக்குள் போய் விழுகிறது? எழுதுவதை எழுதிவிட்டு, மறுநாள் காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வைக்கும் வசதி இப்போது பெரும்பாலான மெயில் செயலிகளில் இருக்கிறது. நாளையே ஆரம்பிக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மேலாளரிடம் பேசுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு குறிப்பு எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள், எப்போது முடித்தீர்கள், இரவு வேலையில் எது அன்றைக்கே முடிய வேண்டியது, எது மறுநாள் போதும். "ரொம்ப வேலையா இருக்கு" என்று போய் நின்றால் "எல்லாருக்கும்தான்" என்ற பதில் வரும், அதை ஏற்கெனவே வீட்டில் கேட்டுவிட்டீர்கள். இரண்டு வாரக் கணக்கோடு போனால் பேச்சே வேறு. நீங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறவர், எண்களை வைத்துப் பேசுவது உங்களுக்குக் கைவந்தது. கேட்க வேண்டியதும் குறிப்பாக இருக்கட்டும்: இரவு மீட்டிங் தினமும் வேண்டுமா, வாரம் இரண்டு நாள் போதாதா, அந்த இரண்டு நாளும் வேலையைக் காலை 11 மணிக்கு ஆரம்பிக்கலாமா, டீமிலிருந்து ஒருவர் முறை வைத்துக் கலந்துகொள்ளலாமா, உண்மையான அவசரம் என்றால் மெயிலுக்குப் பதில் போனில் கூப்பிடலாமா. இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் மிகவும் நம்புகிறேன். அவசரம் என்றால் மணி அடிக்கும் என்பது உறுதியானால் மெயிலைத் திறந்து திறந்து பார்க்க வேண்டிய தேவை தானாகக் குறையும். பேசி முடித்ததும் "இன்று நாம் பேசியபடி" என்று ஆரம்பித்து ஒரு சின்ன மெயில் அனுப்பி வையுங்கள், பின்னால் மேலாளர் மாறினாலும் அது இருக்கும்.

உரிமை என்று பார்த்தால், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே, 1919-இல், தொழிற்சாலை வேலைக்காக வகுத்தது. ஆனால் மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை அதே உடன்படிக்கை வெளியே விட்டுவிட்டது. பல நாடுகளின் சட்டங்களிலும் இந்த விதிவிலக்கு உண்டு. உங்கள் பதவியின் பெயரில் 'மேலாளர்' என்று இருப்பதாலேயே நீங்கள் அதற்குள் வந்துவிடுவீர்களா, இல்லை உண்மையில் செய்யும் வேலையைப் பார்ப்பார்களா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. நியமனக் கடிதத்தில் வேலை நேரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் படித்துவிட்டு, ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் சட்டத்தில் கொண்டுவந்தன. உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருந்தால் அது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், ஆனால் பேச்சில் எடுத்து வைக்க உதவும்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள், அடுத்த அப்ரைசலில் அது தெரியவும் கூடும். அப்படி நடந்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான், மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல அது தேவைப்படும். நீண்ட நேரம் உழைத்தால் வேலை கூடுதலாக நடக்கும் என்று நினைக்கிற மேலாளராக இருந்தால் ஒரு பழைய கணக்கைச் சொல்லலாம். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்து வைத்த பதிவுகளை ஜான் பென்கேவல் என்ற பொருளாதார அறிஞர் சுமார் நூறு வருடம் கழித்து, 2014-இல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த உற்பத்திக்கும் 56 மணி நேரத்தில் கிடைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதலான அந்த 14 மணி நேரமும் ஏறக்குறைய வீண். இரவு 10.30-க்கு நீங்கள் சரிபார்க்கும் கணக்குத் தாள்களை மறுநாள் காலையில் எத்தனை தடவை திருத்துகிறீர்கள் என்று பாருங்கள்.

வீட்டில்

உங்கள் கணவர் "சொல்லு, செய்றேன்" என்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்வது, யாரிடம் எப்போது சொல்வது என்று யோசிப்பது, சொன்னது நடந்ததா என்று பார்ப்பது, இவையும் வேலைதான், இவை எல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கின்றன. கடிதம் முழுக்க நீங்களும் "அவர் எனக்கு உதவி செய்கிறார்" என்றே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை இரண்டு பேரும் விட்டுவிடப் பாருங்கள். ஒரு நாள் உட்கார்ந்து வீட்டில் நடக்கிற எல்லாவற்றையும் எழுதி, சிலதை முழுமையாக அவர் பெயருக்கு மாற்றுங்கள். பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது அவருடையது என்றால், பள்ளியிலிருந்து வரும் செய்தியைப் படிப்பதிலிருந்து அவருடையது. அவர் உங்களைப் போலச் செய்ய மாட்டார், முதல் மாதம் ஏதாவது தவறும். அப்போது நீங்கள் உள்ளே போகாமல் இருக்க வேண்டும், இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப் போகிறது.

மகனுக்கு நீங்கள் நாள் முழுக்கத் தேவைப்படவில்லை. எப்போது கிடைப்பீர்கள் என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். இப்போது அவனுக்குத் தெரியாது, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். 6 மணிக்கு வேலை முடிந்ததை அவன் கண்ணால் பார்க்கிற மாதிரி செய்யுங்கள். முடிக்கும் முன் ஐந்து நிமிடம், நாளை செய்ய வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். முடிக்காத வேலைக்கு எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் எழுதி வைத்தாலே மனம் அதைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது குறைகிறது என்று 2011-இல் ஒரு உளவியல் ஆய்வு காட்டியது. 2018-இல் 57 பேரிடம் நடந்த சின்ன ஆய்வொன்றில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரப்போகும் நாட்களின் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். உங்கள் 3 மணி விழிப்புக்கும் இதைச் செய்து பார்க்கலாம், போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டு.

எழுதி முடித்ததும் மகனைக் கூப்பிடுங்கள். லேப்டாப்பை அவன் கையால் மூடட்டும். மீட்டிங் இருக்கும் நாளில் "இன்னைக்கு ராத்திரி ஒண்ணு இருக்கு, 8.30-க்குத் திறப்பேன், 9.15-க்கு நீ வந்து மூடிடு" என்று நிஜத்தைச் சொல்லிவிடுங்கள். நிஜத்தைக் குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள். எப்போது வேண்டுமானாலும் அம்மா எழுந்து போய்விடலாம் என்று இருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

தோழியோடு நடப்பதைத் தினமும் என்று ஆரம்பிக்காதீர்கள், நாலு நாளில் நின்றுவிட்டது என்று மறுபடி உங்களையே திட்டிக்கொள்வீர்கள். வாரத்தில் ஒரு நாள், அதே நாள், அதே நேரம். இன்று அவருக்குப் போன் செய்யுங்கள். ஒரு வருடம் பேசாததற்கு நீளமான விளக்கம் எதுவும் தேவைப்படாது.

வேலையை விடலாமா?

விடலாம். அது உங்கள் உரிமை, தோல்வியும் கிடையாது. ஆனால் இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். தூக்கம் கெட்டு, தலைவலியோடு இருக்கும்போது எந்தக் கதவைப் பார்த்தாலும் வெளியே போகிற கதவாகத்தான் தெரியும். இதே பழக்கங்களோடு புது இடத்துக்குப் போய், எட்டு மாதத்தில் அதே 11 மணி மெயிலில் வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கடன் தவணையின் பாதி உங்கள் சம்பளம் என்பதையும் மறக்க வேண்டாம். பணக் கவலை இன்னொரு வகையில் அதே 3 மணிக்கு எழுப்பும்.

மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னதைக் கேட்டுப் பாருங்கள், அதற்குள் ஒரு வாரமாவது மெயில் இல்லாத லீவு எடுங்கள், உங்கள் இடத்தில் யார் பார்ப்பார்கள் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு. இதே நேரத்தில் நான்கைந்து மாதத் தவணைக்கான பணத்தைத் தனியாகச் சேருங்கள், உங்கள் துறையில் வேறு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். சம்பளமில்லா நீண்ட லீவு, குறைந்த நேர வேலை, இரவு மீட்டிங் இல்லாத வேறு பிரிவு, இவை எல்லாம் ராஜினாமாவுக்கு முன்னால் கேட்டுப் பார்க்கக்கூடியவை. மூன்று மாதம் கழித்தும் உங்கள் வார்த்தைக்கு அங்கே மதிப்பே இல்லை என்றால், அல்லது அதற்கு முன்பே மருத்துவர் உங்கள் உடம்பைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி சொன்னால், தயங்காமல் வெளியே வாருங்கள். அப்போது கையில் பணமும் இருக்கும், அடுத்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்ற தெளிவும் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்க வேண்டாம். இந்த வாரம் மூன்று மட்டும்: மருத்துவரிடம் நேரம் வாங்குவது, போனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது, 6 மணிக்கு மகனைக் கூப்பிடுவது. இரண்டு வாரக் குறிப்பு முடிந்து மேலாளரிடம் பேசியதும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பையன் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டானா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.